பழைய ஆயில்

2016 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள கெட்டில் கிரீக்கில், கென்ட் ஹவ்லிக்கின் கியர்பாக்ஸ் பட்டறைக்கு வெள்ளை நிற பிக்கப் வண்டி ஒன்று இழுத்துவரப்பட்டது. வண்டிக்குப் பதிமூன்று வயது. ஓடியிருந்த தூரம் 2,11,272 மைல். எஞ்சினில் குறை இல்லை. பேட்டரி இறங்கியிருந்தது. பெட்ரோல் டாங்க் காலி.

இழுவை வண்டி ஓட்டும் டெல்மர், பட்டறைக்குள் நுழையும்போதே யாரையாவது கிண்டல் செய்துகொண்டு நுழைகிறவன். கென்ட்டின் மனைவி மார்லா போடும் காபியைப் பற்றி, கென்ட்டின் தொப்பையைப் பற்றி, போன சனிக்கிழமை ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்டவனின் மாமனாரைப் பற்றி. அன்றைக்கு அவன் சங்கிலியைக் கழற்றும் சத்தம் மட்டும்தான் கேட்டது. "எந்த லிஃப்ட்டு?" என்றான். "மூணாவது" என்றான் கென்ட். வண்டி தூக்கும் அந்த லிஃப்ட்டில் பிக்கப்பைத் தள்ளி நிறுத்திவிட்டு, சீட்டில் கையெழுத்துகூட வாங்காமல் டெல்மர் போய்விட்டான்.

அவனுக்குப் பின்னாலேயே வந்த கார் வாசலில் நின்றது. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை. கவுன்ட்டரிலிருந்த மார்லா கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"ஆர்டன்தான். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருக்காரு. இந்தக் குளிர்ல."

"விடு. வருவாரு."

பத்து நிமிடம் கழித்து ஆர்டன் நைபர்க் உள்ளே வந்தார். அறுபத்தெட்டு வயது. விதைக் கம்பெனி கொடுத்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சர்ச்சுக்குள் நுழையும்போது தவிர வேறெங்கும் அவர் தொப்பியைக் கழற்றிக் கென்ட் பார்த்ததில்லை. மார்லா நீட்டிய காபியை வாங்கினார், குடிக்கவில்லை.

"சரி பண்ண வேண்டாம், கென்ட். ஏன் நின்னுச்சுன்னு மட்டும் சொல்லு."

வண்டி அவருடையதல்ல, அவர் மகன் ட்ராயுடையது. ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை, அப்பா வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்றரை மணிக்குக் கிளம்பிய ட்ராய், முப்பத்தெட்டு மைல் தள்ளி அவன் குத்தகைக்கு எடுத்திருந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. நான்கு மணிக்கெல்லாம் பனிப்புயல் தரையைத் தேய்த்துக்கொண்டு வீச ஆரம்பித்திருந்தது. பாலத்துக்கு முன்னால் சாலை இறங்கி ஏறும் பள்ளத்தில் வண்டி நின்றது. எஞ்சின் ஓடியது, சக்கரம் சுழலவில்லை. அந்தப் பள்ளத்தில் செல்போன் எடுக்காது என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். புயலில் வண்டியை விட்டு இறங்கி நடக்காதே என்று சின்ன வயதிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்ப்பார்கள். ட்ராய் இறங்கவில்லை. ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டு உள்ளேயே இருந்தான். காற்று, வண்டியின் பின்பக்கத்தைப் பனியால் மூடி, சைலன்சர் குழாயை அடைத்தது. புகை உள்ளே திரும்பியது. மறுநாள் மதியம், சாலையைத் திறக்க வந்த பனிவாரி வண்டிக்காரர்தான் முதலில் பார்த்தார். தூங்குகிற மாதிரி இருந்தான் என்று ஷெரிஃப் ஆபீஸ் ஆள் சொன்னான். அவனுக்கு முப்பத்து நான்கு வயது.

"பிரிச்சுப் பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன், ஆர்டன். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட கொண்டுவந்தேன்." ஆர்டன் தொப்பியின் விளிம்பை விரல்களால் சுற்றிக்கொண்டிருந்தார். "நான்தான் ஆயில் மாத்தினேன். டிசம்பர் இருபத்தேழு. ரெண்டு லட்சத்துப் பத்தாயிரத்து நானூத்தி அறுபது மைல்ல. எஞ்சினுக்கு மாத்தினேன், அப்புறம் கீழ படுத்துட்டோமேன்னு கியர்பாக்ஸுக்கும் மாத்தினேன். ஃபில்டரு புதுசு. ரேடியேட்டர் குழாயைக் கழட்டி, பழசு ஒரு சொட்டு இல்லாம வெளிய தள்ளி, பன்னெண்டு குவார்ட் புதுசு ஊத்தினேன். அவன் தூங்கிட்டு இருந்தான். எழுந்து வர்றதுக்குள்ள முடிச்சு, கண்ணாடியெல்லாம் தொடச்சு வெச்சேன்."

கென்ட் வேலைச்சீட்டில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டான்.

"வெளிய ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து சொன்னான், 'அப்பா, இவ்வளவு ஸ்மூத்தா கியர் மாறி நான் பாத்ததே இல்ல'ன்னான்." ஆர்டன் நிறுத்தினார். "போன வாரம் கூட்டுறவுக் கடையில, டெல்மர் காபி மேசையில உக்காந்து சொல்லிட்டிருந்தான். ரெண்டு லட்சம் ஓடின ஆட்டோமேட்டிக்ல எவனாவது ஆயில் மாத்துவானா, அது வண்டியைக் கொல்றதுக்குச் சமம்ன்னு. நான் பின்னாடி நின்னுட்டிருந்தது அவனுக்குத் தெரியாது. திரும்பிப் பாத்துட்டு மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு. பாவம், அவன் மேல தப்பில்ல." கோப்பையைக் கவுன்ட்டரில் வைத்தார். "அது நெசமா, கென்ட்?"

"டெல்மர் வண்டி இழுக்கிறவன். பிரிக்கிறவன் இல்ல."

"அதான் உன்கிட்ட கேக்கிறேன்."

"வெள்ளிக்கிழமை வாங்க."

"தட்டை எனக்குக் காட்டணும். எல்லாருக்கும் காட்டுவியே, அதே மாதிரி."

"காட்டறேன்."

அது கென்ட்டின் பட்டறை வழக்கம். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினால், அதில் தேங்கியிருக்கும் எண்ணெயையும், காந்தத்தில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளையும், வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டாமல் அவன் ஒரு போல்ட்டைக்கூட மேற்கொண்டு தொடமாட்டான். காபி மெஷினுக்குப் பக்கத்தில், வாடிக்கையாளர்கள் நிற்கும் சுவரில், ஒரு பிளைவுட் அலமாரி இருந்தது. இருபத்தேழு வருடங்களில் அவன் வெளியே எடுத்த உடைந்த பாகங்களில் தேர்ந்தெடுத்தவை அதில் இருந்தன: பல் கொட்டிய சக்கரங்கள், நீலம் பாய்ந்த கிளட்ச் தட்டுகள், முறுக்கித் திருகிய தண்டுகள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்ட் பேனாவில் வண்டிக்காரரின் குடும்பப் பெயரும் வருடமும் எழுதியிருக்கும். என் வண்டியில் இப்படியெல்லாம் ஆகாது என்று சொல்கிறவர்களிடம் அவன் வாதாடமாட்டான், அலமாரியைக் காட்டுவான். டெல்மர் அதற்குக் கல்லறை என்று பெயர் வைத்திருந்தான். வாரத்துக்கு ஒருமுறை கவுன்ட்டர், ஜன்னல், காபி மெஷின் எல்லாவற்றையும் துடைக்கும் மார்லா அதைமட்டும் துடைப்பதில்லை. "கல்லறையில எனக்கென்ன வேலை" என்பாள். சரளைச் சாலைத் தூசியும் எதிரே இருந்த தானியக் கிடங்கின் உமித் தூசியும் சேர்ந்து, அலமாரிப் பலகையின் மேல் கம்பளித் துணி விரித்தாற்போல் படிந்திருந்தது.

அன்று பகல் முழுவதும் கென்ட் மூன்றாவது லிஃப்ட் பக்கம் போகவில்லை. வேறு ஒரு வேனின் வால்வுப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. நவம்பர் மாதம் ட்ராய் இதே வண்டியைக் கொண்டுவந்திருந்தான். நாற்பத்தைந்து மைல் வேகத்தில் வண்டி, சலவை மெஷின் மாதிரி அதிர்கிறது. காலையில் கியர் போட்டால் இரண்டு நொடி யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. மாட்டு டிரெய்லரைக் கட்டினால் மேட்டில் எஞ்சின் கத்துகிறது, வண்டி போகமாட்டேன் என்கிறது. கென்ட் கியர்பாக்ஸ் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, துணியில் துடைத்து, அவன் மூக்கருகே நீட்டினான். எண்ணெய் காபி டிக்காக்ஷன் நிறத்தில் இருந்தது. தீய்ந்த வாடை.

"இதுல மிதக்குற கறுப்பு என்ன தெரியுமா? உன்னோட கிளட்ச் பிளேட்டு. தேஞ்சு தேஞ்சு ஆயில்ல கலந்திருக்கு. இப்ப அந்தத் தூளுதான் பிளேட்டுக்குப் பிடிமானம். மணல் போட்ட ரோட்டுல டயரு பிடிக்கிற மாதிரி. புது ஆயில் ஊத்தினேன்னு வையி, மணலைப் பெருக்கிட்டு சோப்புத் தண்ணி விட்ட கதைதான். இனிமே கையே வைக்காத. மாடு ஏத்தாத. ஏப்ரல்ல கன்னு போடற வேலை முடிஞ்சதும் கொண்டா, முழுசாப் பிரிச்சுக் கட்டித் தர்றேன்."

ட்ராய் சிரித்தான். "எங்கப்பாகிட்ட போயி ஆயில் மாத்தக் கூடாதுன்னு சொல்லு பாப்போம். உன்ன சர்ச்சுக்குள்ளயே விடமாட்டாரு."

ட்ராய் சொன்னதில் மிகை அதிகமில்லை. ஆர்டனின் கொட்டகையில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதன் கதவின் உள்பக்கம் முழுக்கத் தேதிகளும் எண்களும். அவர் கல்யாணம் செய்த வருடத்திலிருந்து வாங்கிய ஒவ்வொரு டிராக்டருக்கும், அறுவடை இயந்திரத்துக்கும், காருக்கும், புல்வெட்டும் மெஷினுக்கும் அவரே தன் கையால் எண்ணெய் மாற்றிய நாள். அந்தப் பகுதியில் மகன்கள் வீட்டுக்கு வந்தால் அப்பாக்கள் சாப்பிட்டாயா, தூங்கினாயா, தனியாக இருக்கிறாயே என்று கேட்பதில்லை. வண்டி எப்படி ஓடுது என்று கேட்பார்கள். நல்லா ஓடுது என்று மகன்கள் சொல்வார்கள். மனைவியைப் பிரிந்து தனியாக இருந்த மகன் நான்கு நாள் வந்து தங்கியபோது, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, முதுகுவலியோடு சிமென்ட் தரையில் படுத்து, அவர் செய்தது அதுதான்.

ட்ராய் எழுந்துவந்து பார்த்திருப்பான். அவனுக்குத் தெரியும். கென்ட் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கும். துடைத்து வைத்த கண்ணாடியையும், கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நிற்கும் அப்பாவையும் பார்த்திருப்பான். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இவ்வளவு ஸ்மூத்தாகக் கியர் மாறிப் பார்த்ததில்லை என்று சொல்லியிருக்கிறான்.

புதன்கிழமை காலை கென்ட் கியர்பாக்ஸை இறக்கினான். அடித்தட்டைக் கழற்றியபோது சிவப்பு எண்ணெய், செர்ரிப் பழச்சாறு மாதிரி, புதுசாக. அதன் அடியில் கறுப்புச் சேறு. மூன்றாவது கியரின் கிளட்ச் அடுக்கை மேசைமேல் பரப்பினான். உராய்வுப் பூச்சு ஒன்றிலும் மிச்சமில்லை; வெறும் உருக்கு, வெந்து நீலமாகி, ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. மற்ற அடுக்குகளும் அதே வழியில். உடைந்தது என்று சொல்ல உள்ளே எதுவும் இல்லை. பற்கள் எல்லாம் முழுசு. தண்டு நேர். எல்லாம் வழுக்கி வழுக்கித் தீய்ந்திருந்தன, அவ்வளவுதான். எண்ணெய் மாற்றியபின் ஓடியது 812 மைல்.

பழைய கியர்பாக்ஸில் புது எண்ணெய் ஊற்றினால் போய்விடும் என்பதை ஒப்புக்கொள்ளாதவர்கள் தொழிலிலேயே உண்டு. எப்படியும் போகவேண்டியது போகிறது, பழி எண்ணெய் மேல் விழுகிறது என்பார்கள். கென்ட்டும் அதை யோசிக்காதவனில்லை. இருபத்தேழு வருடத்தில் பதினொரு வண்டிகளை அப்படிப் பார்த்திருந்தான். எதுவும் ஆயிரத்தைந்நூறு மைல் தாண்டவில்லை. தொடாமல் விட்டதில் சில இரண்டு வருடம் ஓடின. சில அடுத்த வாரமே நின்றன.

மதியம் மார்லா கிண்ணத்தில் கறியும் பீன்ஸும் போட்ட சூடான சில்லியும், பக்கத்தில் இலவங்கப்பட்டை ரோலும் கொண்டுவந்து மேசையோரம் வைத்தாள். தீய்ந்த தட்டுகளைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தோரு வருடம். அவளுக்கும் அந்தத் தட்டுகளைப் படிக்கத் தெரியும்.

"ஆயிலா?"

"பிளேட்டு ஏற்கெனவே செத்துப்போச்சு. ஏப்ரல் வரைக்கும் இழுத்திருக்கலாம். அந்த ஞாயித்துக்கிழமையே போயிருக்கலாம். யாரு கண்டா?"

"அப்ப அதையே சொல்லு. அதுதானே உண்மை."

"நான் 'போயிருக்கலாம்'ன்னு சொல்வேன். அவரு காதுல 'நீதான்'ன்னு விழும்."

மார்லா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒருத்தர்கிட்டயாவது பொய் சொல்லியிருக்கியா நீ? போதகர் வண்டி நின்னப்ப, அவரே ஓட்டிக் கெடுத்தாருன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொன்னவன்."

"சொன்னதில்ல."

"பின்ன?"

"அதனாலதான் நம்புவாரு."

அவள் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஆறிப்போவுது, சாப்பிடு" என்று எழுந்தாள். கதவருகே நின்று, "எனக்கு இது பிடிக்கல, கென்ட். ஆனா நானும் வேற என்ன சொல்லுவேன்னு தெரியல" என்றாள்.

இந்த ரகக் கியர்பாக்ஸில் ஒரு பாகம் உண்டு. ஷெல் என்பார்கள், அடியில் ஓட்டை போட்ட உருக்குக் கிண்ணம் மாதிரி இருக்கும். அது உடைவது ஊரறிந்த விஷயம். நல்ல எண்ணெயோ கெட்ட எண்ணெயோ, எண்பதாயிரம் மைலோ இரண்டு லட்சமோ, ஒருநாள் அதன் கழுத்து வெட்டிக்கொண்டு போகும். யாரும் முன்கூட்டிச் சொல்லமுடியாது. யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது. அலமாரியில் அப்படி ஒன்று இருந்தது. 2011இல் ஒரு பண்ணைக்காரரின் வண்டியிலிருந்து எடுத்தது. வியாழக்கிழமை பட்டறையைச் சாத்தப்போகும் நேரத்தில் கென்ட் அதை எடுத்தான். மஞ்சள் எழுத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்தான். இடுக்குகளில் இருந்த தூசியைப் பல்துலக்கும் பிரஷால் எடுத்தான். ட்ராயின் வண்டியிலிருந்து வடித்த சிவப்பு எண்ணெயில் அதை இரவு முழுக்க ஊறவைத்தான். ட்ராயின் வண்டியில் இருந்த நல்ல ஷெல்லைப் பழைய இரும்பு டிரம்முக்குள், மற்ற இரும்புகளுக்கு அடியில் தள்ளினான். இதையெல்லாம் அவன் எந்தப் பதற்றமும் இல்லாமல் செய்தான். தினமும் செய்கிற வேலையின் கை அது.

வெள்ளிக்கிழமை ஆர்டன் பத்து மணிக்கு வந்தார். இந்தமுறை காரில் உட்கார்ந்திருக்கவில்லை. நேராக உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி, பட்டறைக்குள் நடந்தார். சவரம் செய்திருந்தார். வெந்த கிளட்ச் தட்டுகள் மேசைமேல் இருந்தன. கென்ட் அவற்றை மறைக்கவில்லை. பக்கத்தில் அடித்தட்டு.

ஆர்டன் குனிந்து பார்த்தார். ஆள்காட்டி விரலை எண்ணெயில் விட்டு, கட்டைவிரலோடு தேய்த்து, முகர்ந்தார்.

"நான் ஊத்தினது."

"ஆமா."

"தீஞ்சிருக்கு."

"தீஞ்சிருக்கு. ஆனா அது அப்புறமா ஆனது. முதல்ல போனது இது." கென்ட் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தான். எண்ணெய் சொட்டியது. "இங்க பாருங்க, கழுத்து. பல்லு மொத்தமும் சிரைச்சு எடுத்திருக்கு. இது உடைஞ்சா எஞ்சின் ஓடும், சக்கரத்துக்கு எதுவும் போகாது. அவன் ஆக்சிலேட்டரை மிதிச்சிருப்பான், நகருதான்னு பாக்க. யாரா இருந்தாலும் மிதிப்பாங்க. அதுல பிளேட்டெல்லாம் வெந்துடுச்சு."

"ஆயிலு?"

"நல்ல ஆயிலு. சரியான ஆயிலு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது இரும்பு, ஆர்டன். இதுக்குள்ள விரிசல் எப்ப விழுந்துச்சுன்னு எவனாலயும் சொல்ல முடியாது. நீங்க மாத்தாம இருந்திருந்தாலும் அன்னைக்கு அதே இடத்துல நின்னுருக்கும்."

ஆர்டன் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க இரும்பைக் கையாண்ட கை. வெட்டிப்போன கழுத்தின் விளிம்பில் கட்டைவிரலை ஒருமுறை முழுசாகச் சுற்றி ஓட்டினார். அவர் தோள்கள் இறங்குவதைக் கென்ட் பார்த்தான். மூன்று வாரமாக யாரோ பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்ததை விட்டதுபோல் அவை இறங்கின.

"ட்ராய் உன்கிட்ட வந்திருந்தானாமே. இலையுதிர் காலத்துல. அதிருதுன்னு."

"வந்தான்."

"ஆயிலைப் பத்தி ஏதாவது சொன்னியா அவன்கிட்ட? மாத்து, மாத்தாதன்னு?"

"இல்ல. டயரு பேலன்ஸா இருக்கும்ன்னு பேசிக்கிட்டோம்."

"அவனுக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது, இல்ல? நான் மாத்தினது கெடுதல்ன்னு நெனச்சிக்கிட்டு, எனக்காக வாயை மூடிக்கிட்டு..."

"தெரியாது, ஆர்டன். அவன் உங்ககிட்ட சொன்னது நெசந்தான். புது ஆயில்ல கியர் ஸ்மூத்தாத்தான் மாறும்."

ஆர்டன் தலையசைத்தார். கண்களைத் துடைத்துக்கொள்ள முழங்கையை உயர்த்தினார். விரல்களில் எண்ணெய் இருந்தது. கென்ட் சுத்தமான துணி ஒன்றை நீட்டினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் லேசாகச் சிரித்தார். "டெல்மர் பயலை இன்னிக்குக் காபி வாங்கித்தரச் சொல்லணும். பத்து நாளா என்னைக் கண்டா சோள மூட்டைக்குப் பின்னாடி ஒளியறான். முன்னூறு பவுண்டு ஆளு, மூட்டைக்குப் பின்னாடி அடங்கறானா?"

"அவனுக்கு ரெண்டு மூட்டை வேணும்."

"இதை நான் எடுத்துக்கலாமா?" கிண்ணத்தைக் காட்டிக் கேட்டார்.

"எடுத்துக்கோங்க."

அவர் முன்னறைக்குப் போனார். கென்ட் கழுவுதொட்டியில் கைகழுவ ஆரம்பித்தான். தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி ஜன்னல், அதன் வழியாக முன்னறை தெரியும். சோப்புப் பொடியை முழங்கை வரை தேய்த்தான். மார்லா காபி ஊற்றிக் கொடுப்பது தெரிந்தது. இந்தமுறை ஆர்டன் குடித்தார். வேலைச்சீட்டை அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது, ஒரு கையில் கோப்பையும் ஒரு கையில் கிண்ணமுமாக, எல்லோரும் செய்வதுபோல, அவரும் அலமாரியின் முன்னால் போய் நின்றார்.

முதலில் அவர் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு மஞ்சள் பெயராகப் படித்துக்கொண்டு வந்தார். எல்லாம் தெரிந்த குடும்பங்கள். ஓல்சன் 2009 என்று எழுதிய முறுக்கிய தண்டுக்கும் கோவாரிக் 2012 என்று எழுதிய தட்டுக்கும் இடையில் வந்ததும் நின்றார்.

அங்கே ஒரு வட்டம் இருந்தது. சாம்பல் நிறத் தூசியின் நடுவே, பிளைவுட்டின் சொந்த நிறம் பளிச்சென்று தெரியும் ஒரு வட்டம். அதன் ஓரத்தில், தூசியின் மேல், மூன்று விரல்கள் பதிந்து இழுத்த தடம்.

கென்ட் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆர்டன் காபிக் கோப்பையை மெதுவாகப் பக்கத்தில் வைத்தார். கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். மறுபடி வட்டத்தைப் பார்த்தார். அப்புறம், மேசையில் தட்டு வைப்பதுபோல, கிண்ணத்தை அந்த வட்டத்தின் மேல் இறக்கினார். அது சரியாக உட்கார்ந்தது. விளிம்புக்கு வெளியே பலகையின் நிறம் எங்கும் தெரியவில்லை.

மார்லா நிமிர்ந்து பார்த்தாள், உடனே குனிந்துகொண்டாள். அவள் பேனா எதையும் எழுதவில்லை.

அவர் எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று கென்ட்டுக்குப் பின்னால் சொல்லத் தெரியவில்லை. திரும்பியபோது தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். பட்டறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார். அவர் முகம் வெள்ளையாக இருந்தது. குரல் சாதாரணமாக இருந்தது.

"அதை இங்கேயே வெச்சிட்டேன், கென்ட். எனக்கு எதுக்கு."

"ஆர்டன்..."

"ரொம்ப நன்றி. இப்பத்தான் மனசு லேசா இருக்கு." கதவுப்பிடியை விடாமல் ஒரு நொடி நின்றார். "நல்ல பையன் நீ."

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எஞ்சின் கிளம்பும் சத்தம் உடனே கேட்கவில்லை.

வெள்ளை பிக்கப்பை மார்ச் மாதக் கடைசியில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் எடுத்துப்போனார்கள். அலமாரியில் அந்தக் கிண்ணம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதில் யாருடைய பெயரும் எழுதப்படவில்லை. ஏப்ரல் 14ஆம் தேதி, கூட்டுறவுச் சங்கத்தின் சர்வீஸ் வண்டி நைபர்க் பண்ணைக்குப் போனது. இரண்டு டிராக்டர்களுக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் எண்ணெய் மாற்றிவிட்டு, ஆர்டனின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, மாலை நான்கு மணிக்குத் திரும்பியது.